குட்டி விமானத்தில் லித்தியம் பேட்டரி: என்ன லாபம், எங்கே வில்லங்கம்?

டெல்டாவில் லித்தியம் பேட்டரி இப்போது புதுப்பொருள் இல்லை. கும்பகோணம் கடைத்தெருவில் ஓடும் மின்சார ஸ்கூட்டரில் அதுதான் இருக்கிறது. குறுவைக்கு மருந்தடிக்க வரும் ட்ரோனிலும் அதுதான். 2018 கஜா புயலில் கரண்ட் இல்லாமல் தவித்த வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்தில்கூட இன்று இன்வெர்ட்டர் வாங்கப் போனால் ஈயமா லித்தியமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரும் சின்ன விமானத்தின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும் சேர்ந்த பழைய ரகம்.

ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கிற வாகனம் விமானம். அது ஏன் இந்த விஷயத்தில் ஸ்கூட்டருக்குப் பின்னால் வருகிறது? விமானப் பொறியியல் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் "தீப்பிடிக்கும் சார்" என்று முடித்துவிடுவார்கள். அது பாதி பதில். மீதி பாதியைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. பேட்டரியை மாற்றினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது), ரெகுலேட்டர் (அதன் வோல்டேஜைக் கட்டுக்குள் வைப்பது), எடைச் சமநிலை, அவசர நேரக் கணக்கு எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் பேட்டரியை மட்டும் மாட்டிக்கொண்டு பறப்பவர்களுக்குத்தான் வில்லங்கம்.

அந்தப் பேட்டரிக்கு அங்கே என்ன வேலை?

முதலில் ஒரு தவறான நினைப்பைச் சரிசெய்து கொள்ளலாம். செஸ்னா 172 போன்ற வழக்கமான பெட்ரோல் விமானத்தில், நடுவானில் பேட்டரி செத்துப்போனால் எஞ்சின் நிற்காது. அந்த எஞ்சின்களில் தீப்பொறியைத் தருவது மேக்னெட்டோ. எஞ்சின் சுற்றுகிற வேகத்திலேயே தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சாதனம் அது. ஒரு எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓட்டும்.

பேட்டரிக்கு மூன்று வேலைகள். தரையில் எஞ்சினைச் சுற்றிவிடுவது முதல் வேலை. சில விநாடிகள்தான் என்றாலும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் ஏறி இறங்காமல் தாங்கிப் பிடிப்பது இரண்டாவது. வானில் ஆல்டர்னேட்டர் பழுதானால் ரேடியோவையும் கருவிகளையும் தரையிறங்கும்வரை ஓட்டுவது மூன்றாவது. மூன்றாவது வேலைக்கு முன்பு அவ்வளவு மரியாதை இல்லை. ஊசி வைத்த கருவிகள் காற்றழுத்தத்திலும் வெற்றிடத்திலும் ஓடின. கரண்ட் போனால் ரேடியோ போகும், அவ்வளவுதான். இன்றைய புது விமானங்களில் முகப்புப் பலகை முழுவதும் திரை. சில புது எஞ்சின்களில் எரிபொருளைப் பீய்ச்சுவதும் தீப்பொறி தருவதும்கூடக் கணினி வழியாகத்தான் நடக்கிறது. அங்கே மின்சாரம் முழுவதும் போனால் எஞ்சினும் போகும். அதனால் பேட்டரி பற்றிய எந்தக் கேள்வியையும் "உங்கள் எஞ்சினுக்குக் கரண்ட் வேண்டுமா, வேண்டாமா" என்பதில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எடையில் என்ன கிடைக்கும்?

செஸ்னா 172-ல் இருப்பது போன்ற ஈய-அமில பேட்டரி சுமார் 13 கிலோ. அதே வேலைக்கான லித்தியம் பேட்டரி அதில் பாதிக்கும் கீழே, சில ரகங்களில் கால்வாசிக்கும் கீழே. எட்டு கிலோ மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நம் கார்களில் அது ஒரு பொருட்டே இல்லை. மொத்த எடை 600 கிலோவைத் தாண்டக் கூடாத இரண்டு இருக்கை விமானத்தில் கதை வேறு. காலி விமானம் 350 கிலோ, இரண்டு ஆட்கள் 160 கிலோ என்றால், பெட்ரோலுக்கும் பைக்கும் சேர்த்து மிஞ்சுவது 90 கிலோதான். எட்டு கிலோ என்பது ஏறத்தாழ 11 லிட்டர் பெட்ரோல். மணிக்கு 18 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு அது அரை மணி நேரத்துக்கும் மேலான பறப்பு.

இன்னொரு லாபம், லித்தியம் பேட்டரி எஞ்சினைக் கிராங்க் பண்ணும்போது, அதாவது சுற்றிவிடும்போது, வோல்டேஜ் அவ்வளவாகத் தொய்வதில்லை. உள்ளுக்குள் எதிர்ப்பு குறைவு என்பதால் எஞ்சின் வெடுக்கென்று பிடித்துக்கொள்ளும். பறக்காமல் வாரக்கணக்கில் நிற்கும் விமானங்களில் ஈய பேட்டரி தானாகவே சார்ஜ் இறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். லித்தியத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. நவம்பர், டிசம்பர் மழையில் நாள்கணக்கில் தரையில் முடங்கும் நம் பக்கத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எந்த லித்தியம்?

"லித்தியம் பேட்டரி" என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை, ஒரு குடும்பப் பெயர். செல்போனில் இருப்பது பெரும்பாலும் கோபால்ட் சேர்ந்த ரகம். பல மின்சாரக் கார்களிலும் நிறைய ட்ரோன்களிலும் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த ரகங்கள். சின்ன விமானங்களில் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியாகப் போவது இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட். சுருக்கமாக எல்.எஃப்.பி.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டார்கள்? முதல் காரணம் வெறும் கணக்கு. சின்ன விமானத்தின் ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட் தரும். கோபால்ட் வகை செல் ஒன்று 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மூன்று செல்லைத் தொடராக வைத்தால் ஒவ்வொன்றிலும் 4.67 வோல்ட் ஏறும்; அது தீயைக் கூப்பிடுகிற காரியம். நான்கு செல் வைத்தால் ஆளுக்கு 3.5 வோல்ட்தான், அந்த வகைக்கு அது கிட்டத்தட்டக் காலி நிலை, என்றைக்கும் நிறையாது. எல்.எஃப்.பி. செல்லின் இயல்பு வோல்டேஜ் 3.2, உச்சம் 3.65. நான்கு செல்லைச் சேர்த்தால் 12.8-ல் ஓடி 14.6 வரை ஏறும். ஈய பேட்டரிக்காகச் செய்த பழைய சுற்றுக்குள் அப்படியே பொருந்திவிடுகிறது.

மருந்தடிக்கும் ட்ரோனின் பேட்டரியை 24 வோல்ட் விமானத்தில் மாட்டலாமே என்று சில மாணவர்கள் கேட்பதற்கும் இதே கணக்குதான் பதில். ஆறு செல் ட்ரோன் பேட்டரியின் உச்சம் 25.2 வோல்ட். 24 வோல்ட் விமானத்தின் ஆல்டர்னேட்டர் தருவது 28. மாட்டவே மாட்டாதீர்கள்.

இரண்டாவது காரணம் சூடு. எந்த லித்தியம் செல்லும் ஒரு எல்லைக்கு மேல் சூடானால் உள்ளே வேதிவினை தொடங்கும், அந்த வினையே இன்னும் சூட்டைத் தரும், அந்தச் சூடு வினையை மேலும் விரட்டும். ஒரு கட்டத்துக்கு மேல் வெளியில் இருந்து யாரும் நிறுத்த முடியாது. கோபால்ட் வகையில் இது சுமார் 150 டிகிரியில் கைமீறும். அப்போது நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை விடுவிப்பதால் தீ தனக்கு வேண்டிய காற்றையும் தானே கொண்டுவருகிறது. எல்.எஃப்.பி.யில் எல்லை சுமார் 270 டிகிரி. பாஸ்பரஸும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால் ஆக்சிஜன் எளிதில் கழலாது. ஆனாலும் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் எரியக்கூடியதுதான். கோளாறானால் எல்.எஃப்.பி.யும் வெண்புகையாக எரிவாயுவைக் கக்கும். "எல்.எஃப்.பி. தீப்பிடிக்கவே பிடிக்காது" என்று விற்பவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த இரும்பு வழிக்குப் பின்னால் நம்மவர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது. தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சின்ன கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய ஆறுமுகம் மந்திரம், 1980-களில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து இரும்புச் சல்பேட் போன்ற சேர்மங்களை நேர்முனைப் பொருளாக ஆராய்ந்தார். அந்தப் பாதையில் நடந்துதான் குட்இனஃபின் ஆய்வுக்கூடம் 1997-ல் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். டெல்டாவில் இருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். நிலமும் பணமும் தந்தவர் அழகப்பச் செட்டியார். பேட்டரி படிக்க நினைக்கும் நம் பிள்ளைகள் வெளியூர் ஏக்கம் கொள்ளும் முன் அங்கே ஒரு எட்டுப் போய்வரலாம்.

பேட்டரி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும்போது

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் நிதானிக்க விரும்பும் இடம்.

ஈய பேட்டரிக்கு மூளை கிடையாது. கூடுதலாகச் சார்ஜ் போட்டால் கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும், தண்ணீர் வற்றும். ஆனாலும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரிக்குள் ஒரு காவல் சுற்று உண்டு. பி.எம்.எஸ். என்பார்கள். செல்களில் ஏதாவது ஒன்று அளவுக்கு மேல் ஏறினாலோ, மிகவும் இறங்கினாலோ, சூடானாலோ, அது பேட்டரியை வெளியுலகத்தில் இருந்து துண்டித்துவிடும். ஸ்கூட்டரில் இது நல்ல காவல்; வண்டி நிற்கும், ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம்.

விமானத்தில் நடப்பதைப் பாருங்கள். ரெகுலேட்டர் கெட்டு, ஆல்டர்னேட்டர் 14-க்குப் பதில் 17 வோல்ட் தரத் தொடங்குகிறது. பி.எம்.எஸ். தன் செல்களைக் காப்பாற்றிக்கொண்டு விலகிவிடும். இதுவரை ஏற்ற இறக்கத்தைத் தாங்கிப் பிடித்தது பேட்டரிதான். அது விலகிய கணத்தில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் இன்னும் எகிறும். ரேடியோ, திரை, ஜி.பி.எஸ். எல்லாம் அந்த அடியை வாங்கும். பேட்டரி பத்திரமாக இருக்கும், கருவிகள் கருகும். அதனால்தான் லித்தியம் போடும் விமானத்தில் மின்னழுத்தம் எல்லை மீறினால் பேட்டரிக்கு முன்பே ஆல்டர்னேட்டரை வெட்டிவிடும் தனிப் பாதுகாப்புச் சுற்று கட்டாயம் வேண்டும். 16 வோல்ட்டுக்குள் வெட்டிவிட வேண்டும். பல பழைய விமானங்களில் இது கிடையாது.

ஆல்டர்னேட்டருக்கு இன்னொரு பக்கத்தில் இருந்தும் அடி விழும். சார்ஜ் இறங்கிய ஈய பேட்டரி மெதுவாகத்தான் கரண்ட்டை உள்ளே வாங்கும். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கும். சின்ன விமானங்களில் பரவலாக உள்ள ராட்டக்ஸ் எஞ்சின்களின் உள் ஜெனரேட்டர் தருவதே சுமார் 20 ஆம்பியர். காலியான லித்தியம் பேட்டரியை ஜம்ப் கொடுத்துக் கிளப்பி, உடனே ஓட விட்டால், அந்த ஜெனரேட்டரும் ரெகுலேட்டரும் முழுச் சுமையில் நெடுநேரம் வேக வேண்டியிருக்கும். தரையில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது குளிரவைக்கக் காற்றும் போதாது. ஆகவே பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் கழற்றி, அதற்கான சார்ஜரில் போட்டு, பிறகு மாட்டுவதுதான் முறை. பஸ் ஸ்டாண்ட் மெக்கானிக் செய்வதுபோல் இரண்டு வயரைக் கோத்துக் கிளப்பும் வேலை இங்கே ஆகாது.

எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரியும்?

மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்த்துப் பழகியவர்கள் நாம். 120 அடியில் இருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாலே தாளடிக்குத் தண்ணீர் வருமா வராதா என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். ஈய பேட்டரியின் வோல்டேஜ் அப்படிப்பட்டது. நிறைந்திருந்தால் 12.7, பாதியில் 12.2, காலியில் 11.8 என்று மட்டம் இறங்குவது முள்ளில் தெரியும். எல்.எஃப்.பி. அணை என்றால், முக்கால்வாசித் தண்ணீர் போனபிறகும் மட்டம் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும். 90 சதவீதத்தில் 13.3, பாதியில் 13.1, 20 சதவீதத்தில் 12.9. அதன் பிறகு சரசரவென்று விழும், பி.எம்.எஸ். வெட்டிவிடும்.

இது பெரிய வில்லங்கம். ஈய பேட்டரியில் விளக்கு மங்கும், ரேடியோ கரகரக்கும். விமானிக்கு முன்னறிவிப்பு கிடைக்கும். லித்தியத்தில் எல்லாம் பளிச்சென்று இருக்கும்போதே இருட்டாகிவிடும். எனவே வோல்ட்மீட்டரை நம்பி ஓட்ட முடியாது. பேட்டரிக்குள் போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் கணக்கு வைக்கும் மீட்டர் வேண்டும், அல்லது ஆல்டர்னேட்டர் பழுது விளக்கு எரிந்த நிமிடத்தில் இருந்து கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

கடிகாரம் பார்க்க வேண்டுமென்றால் மொத்தக் கொள்ளளவு, அதாவது எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்கிற ஆம்பியர்-அவர் கணக்கு, சரியாகத் தெரிய வேண்டும். இங்கே விற்பனைத் தந்திரம் ஒன்று இருக்கிறது. பைக்குக்காகச் செய்யப்படும் லித்தியம் பேட்டரிகளின் மேல் "12 ஆம்பியர்-அவருக்குச் சமம்" என்று போட்டிருக்கும். அது எஞ்சினைச் சுற்றும் பலத்தில் 12 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரிக்குச் சமம் என்று அர்த்தம். உள்ளே உண்மையில் இருப்பது பல சமயம் மூன்றில் ஒரு பங்கு, 4 ஆம்பியர்-அவர். பைக்குக்கு அது போதும். கிக் அடித்தோ தள்ளியோ கிளப்பிக்கொள்ளலாம். விமானத்தில் ரேடியோ, தரை ராடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர், திரை, எரிபொருள் பம்ப் எல்லாம் சேர்ந்து 8 ஆம்பியர் இழுத்தால், 4 ஆம்பியர்-அவர் சரியாக அரை மணி நேரம். அதுவும் பேட்டரி புதிதாக, முழுச் சார்ஜில் இருந்தால். பழைய 12 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி, அதன் குறைகளையெல்லாம் கழித்த பிறகும், ஒரு மணி நேரத்தை ஒட்டித் தாங்கியிருக்கும். எடை குறைந்தது என்று சந்தோஷப்பட்டவர் தன் அவசர நேரத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அந்த எஞ்சின் மேக்னெட்டோ இல்லாத ரகமாக இருந்தால், அரை மணி என்பது ரேடியோவுக்கான கெடு மட்டும் இல்லை.

சின்ன விமானங்களுக்குச் சான்று தரும் அமெரிக்க விதிகளில், பத்திரமாக இறங்கத் தேவையான கருவிகளைக் குறைந்தது 30 நிமிடம் பேட்டரி ஓட்ட வேண்டும் என்று 2017-ல் விதிகளைத் திருத்தும்வரை இருந்தது. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் எண் உண்மையான ஆம்பியர்-அவர்தான். கிராங்கிங் ஆம்பியர் அதற்கு அப்புறம்.

எடை குறைந்தால் மூக்கு தாழும்

இது சின்ன விஷயம், ஆனால் விட்டுவிடுகிறார்கள். பல விமானங்களில் பேட்டரியை வால் பக்கம் வைத்திருப்பார்கள். முன்னால் இருக்கும் எஞ்சினுக்கு ஈடாக. 600 கிலோ விமானத்தில் சமநிலைப் புள்ளிக்கு இரண்டரை மீட்டர் பின்னால் இருந்த பேட்டரியில் 7 கிலோ குறைந்தால், சமநிலைப் புள்ளி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் முன்னால் நகரும். சின்ன விமானத்தில் அனுமதிக்கப்படும் மொத்த இடைவெளியே சில அங்குலங்கள் என்பதால் 3 சென்டிமீட்டரை அலட்சியம் செய்ய முடியாது. எடைத் தாளைத் திருத்தி எழுத வேண்டும். சிலர் கடைசியில் வாலில் ஈயக் கட்டியை வைத்துச் சரிசெய்கிறார்கள் என்பது வேடிக்கை.

நம் வெயிலும் நம் கடற்காற்றும்

வெளிநாட்டு விமானிகள் லித்தியத்தைக் குறைசொல்லும்போது பெரும்பாலும் குளிரைச் சொல்வார்கள். உறைபனியில் எல்.எஃப்.பி. சோம்பும், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவும் கூடாது. தஞ்சாவூருக்கு அது தேவையில்லாத கவலை. ஆயிரம் அடிக்கு 2 டிகிரி வீதம் குறையும் என்றால் எட்டாயிரம் அடி உயரத்தில்கூட இங்கே இதமான குளிர்தான்.

நமக்குக் கவலை அக்கினி நட்சத்திரம். பெரும்பாலான எல்.எஃப்.பி. பேட்டரிகள் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. சார்ஜ் ஏற்றுவதற்கான எல்லை அதற்கும் கீழே. பறக்கும்போது எஞ்சின் அறைக்குள் காற்று பாய்ந்துகொண்டே இருக்கும், பிரச்சினை இல்லை. தரையிறங்கி எஞ்சினை அணைத்த பிறகுதான் சூடு. காற்று நின்றுவிடும், எஞ்சின் உருளைகளின் வெப்பம் மூடிக்குள்ளேயே தேங்கும். வெளியில் 40 டிகிரி, கான்கிரீட் தளம் கொதிக்கிறது, மூடிக்குள் அரை மணி நேரம் அடுப்பு. பேட்டரி எஞ்சின் பக்கம் இருந்தால் இந்த நேரத்தில்தான் அது வதங்கும். எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள தீச்சுவருக்கு இந்தப் பக்கம் நகர்த்தலாம், குளிர்காற்றுக் குழாய் கொடுக்கலாம், நிறுத்தியதும் எஞ்சின் மூடியைத் திறந்து வைக்கலாம். நியாயமாகப் பார்த்தால் ஈய பேட்டரிக்கும் வெப்பம் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். டெல்டாவில் இன்வெர்ட்டர் பேட்டரி சீக்கிரம் போவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து உப்புக் காற்றில் டெர்மினலும் வயர் முனையும் பச்சை பூக்கும். ஈய பேட்டரியிலும் பூக்கும். ஆனால் லித்தியத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் சட்டென்று பாயும் என்பதால் தளர்ந்த, அரித்த இணைப்பு அங்கே வேகமாகச் சுடும். டெர்மினல்களின் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை.

தீ பற்றி

2013 ஜனவரி 7-ல் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787-ல் லித்தியம் பேட்டரி எரிந்தது. ஒன்பது நாள் கழித்து இன்னொரு 787 பேட்டரிப் புகையால் ஜப்பானின் தகமாட்சுவில் அவசரமாக இறங்கியது. உலகம் முழுவதும் அந்த ரகம் தரையிறக்கப்பட்டது, ஏர் இந்தியாவின் 787-களும் சேர்த்து. கோபால்ட் வகை பேட்டரி. ஒரு செல்லின் உள்ளே ஷார்ட் ஆகி, பக்கத்துச் செல்களுக்குப் பரவியது. திருத்தம் என்ன தெரியுமா? வேதியியலை மாற்றவில்லை. செல்களைப் பிரித்து, மொத்தத்தையும் எஃகுப் பெட்டிக்குள் வைத்து, புகையை விமானத்துக்கு வெளியே விடும் குழாய் போட்டார்கள். அதற்கு முன்பே, 2011-ல், சிறிய ஜெட்டான செஸ்னா சி.ஜே.4-ல் தரை மின்சாரத்தை இணைத்தபோது லித்தியம் பேட்டரி தீப்பிடித்து, அந்த ரகத்தில் லித்தியத்தைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

இந்த அனுபவங்களில் இருந்து உருவானவைதான் இன்றைய சோதனைகள். அமெரிக்காவில் டி.எஸ்.ஓ. சி179 என்ற தரச்சான்று பெற வேண்டுமானால், டி.ஓ.-311 என்ற ஆவணத்தின்படி செல்களை வேண்டுமென்றே கைமீறவிட்டு, தீயோ துண்டுகளோ பெட்டிக்கு வெளியே வராமல், வாயு குழாய் வழியாக மட்டும் வெளியேறுகிறது என்று காட்ட வேண்டும். சான்று பெற்ற எல்.எஃப்.பி. பேட்டரிகள் இப்போது கிடைக்கின்றன. விலைதான் கண்ணைக் கட்டும். இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.யின் பதிவு பெற்ற விமானத்தில் அங்கீகாரம் இல்லாத பேட்டரியை மாட்ட முடியாது; மாற்றத்துக்கு ஒப்புதலும், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்தும் வேண்டும். அதைச் சிவப்பு நாடா என்று திட்டுபவர்களோடு நான் சேர மாட்டேன்.

என்னைக் கேட்டால், சரியாகப் பொருத்திய எல்.எஃப்.பி. பேட்டரியைவிட விமானியின் தோள்பையில் கிடக்கும் பவர் பேங்க்கைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும். டேப்லெட், கூடுதல் போன், மலிவு பவர் பேங்க் எல்லாம் கோபால்ட் குடும்பம். எஃகுப் பெட்டி இல்லை, புகைக்குழாய் இல்லை. பயணிகள் விமானத்தில் 100 வாட்-அவர் வரையுள்ள பவர் பேங்க்கைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது என்பது இதனால்தான். தீப்பிடித்தால் ஆள் பார்த்து அணைக்க வேண்டும். அங்கே ஓடிவர விமானப் பணியாளர்கள் இருக்கிறார்கள். இரண்டு இருக்கை விமானத்தில் விமானி ஒருவர், இரண்டு கை. முகப்புக் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் டேப்லெட்டைச் சார்ஜில் போட்டு வைக்காமல் இருப்பது செலவில்லாத பாதுகாப்பு. எரிந்துவிட்டால், தீயணைப்பான் சுடரை அடக்கும். செல்லைக் குளிரவைப்பது தண்ணீர். ஒரு பாட்டில் தண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பேட்டரியிலேயே பறந்தால்?

இதுவரை பேசியது எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி. பேட்டரியையே எரிபொருளாக்கிப் பறக்கும் விமானமும் வந்துவிட்டது. ஸ்லோவேனியாவின் பிப்பிஸ்ட்ரல் நிறுவனத்தின் வெலிஸ் எலெக்ட்ரோ, 2020 ஜூனில் ஐரோப்பியச் சான்று பெற்ற முதல் முழு மின்சார விமானம். இரண்டு இருக்கை, 600 கிலோ. திரவத்தால் குளிரூட்டப்படும் இரண்டு பேட்டரிகள் மொத்தம் 24.8 கிலோவாட்-அவர், எடை சுமார் 140 கிலோ. அந்த ஆற்றல் மூன்று லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு! மின்மோட்டார் வீணாக்குவது குறைவு என்பதால்தான் அதை வைத்து ஐம்பது நிமிடம், அதற்கு மேல் கொஞ்சம் கைக்காவலும், பறக்க முடிகிறது. பெட்ரோல் தீரத்தீர விமானம் இலகுவாகும். பேட்டரி காலியானாலும் அதே 140 கிலோவைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், திருச்சியில் இருந்து தஞ்சாவூர் வானில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டுத் திரும்பலாம். நாகப்பட்டினம் வானில் சுமார் 125 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் ஐம்பது நிமிடமும் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும், அங்கே இறங்கவும் விமான நிலையம் இல்லை. அதனால் இது இப்போதைக்குப் பயிற்சி விமானம். மேலே ஏறு, ஓடுபாதையைச் சுற்று, இறங்கு, மறுபடி ஏறு என்று புது மாணவர் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு ஐம்பது நிமிடம் தாராளம், பெட்ரோல் செலவும் இல்லை. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) தன் ஹன்சா பயிற்சி விமானத்தின் வழியில் இ-ஹன்சா என்ற மின்சார இரண்டு இருக்கை விமானத்தைச் செய்யப்போவதாக 2025-ல் அறிவிப்பு வந்ததும் இந்த வேலைக்காகத்தான்.